அக்கரைத் தேன்

ஊரில் அவளைத் தேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரில்தான் தேன், வாயில் கொடுக்கு என்று அவள் தம்பியே சொல்லிச் சிரிப்பான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கொடுக்கு இல்லாவிட்டால் தேனை யார் காப்பாற்றுவது என்று திருப்பிக் கேட்பாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்செயல். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை, வாசலில் இருந்த மின்மீட்டர் பெட்டியின்மேல் தேனீக் கூட்டம் ஒன்று வந்து கொத்தாகத் தொங்கியது. மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்தே யார் யாருக்கோ போன் போட்டார். மருந்தடித்துக் கொல்ல ஆள் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. அவள் ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொத்துக்குக் கீழே பிடித்து, மீட்டர் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்கே தெரியாது. வீங்கிய கையோடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே என்ன இரைச்சல் என்று கேட்டதற்கு, ரிப்பேருக்குக் கொண்டுபோகிற மின்விசிறி என்றாளாம்.

அவள் கணவர் மின்வேலைக்காரர், நல்ல மனிதர். ஆனால் ஒரு தேனீ கொட்டினால் போதும், இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கிவிடும். பின்வாசலில் ஒரு பெட்டி நாலாகி, நாலு பத்தானபோது அவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், தேனீயா நானா என்று கேட்டார். உடனே பதில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அவள் தொழிற்சாலையை விட்டாள், பெட்டிகளைப் பெருக்கினாள். ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி எலுமிச்சைத் தோட்டமும் அதைத் தாண்டிச் சூரியகாந்தி வயலும் வைத்திருந்த ஒருவர், பெட்டிகளைத் தன் கரையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தேனீ வந்தால் அவருக்குக் காய்ப்புக் கூடும், அவளுக்குத் தேன் கிடைக்கும். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

உறவு என்று மிஞ்சியது தம்பி மட்டும். ஏழாம் மாதமே பிறந்துவிட்டவன் என்பதால் அப்பா அவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர் வைத்தார். அவன் வளர்ந்த பிறகும் அது ஒட்டிக்கொண்டது, பொருந்தியும் போனது. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். பணிமனையை மூடியதும் வேலை போயிற்று. அவன் மனைவி துணிக்கடை ஒன்றில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். வீட்டுக்கு யார் வந்தாலும் தையல் மிஷினை நிறுத்தாமலே வாங்க என்பாள். வேலை போன புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியே குடும்பத்தை இழுத்தாள்.

தேனக்காதான் முதலில் மூன்று பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தாள். இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்றாள். அவள் பெட்டியைத் திறக்கும்போது தேனீக்களை அடக்கப் பல வருஷம் புகைப்பான் பிடித்தவன்தான், ஒன்றும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கை ராசியோ என்னவோ, மூன்றும் நன்றாக வந்தன. அதோடு நிறுத்தினால் அவன் அவசரம் இல்லையே. லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பூ இருக்கிற இடமெல்லாம் அலைகிற வியாபாரி ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். அவனிடம் இருந்து தம்பி ஒரேயடியாக லாரியில் பாதியை இறக்கிக்கொண்டான். இறக்கி வைத்த இடம் வாய்க்காலின் அக்கரை. தோட்டக்காரரிடம் அனுமதியும் வாங்கியிருந்தான். அவருக்கென்ன, தேனீ கூடினால் லாபம்தானே என்று சம்மதித்துவிட்டார். அக்காவிடம்தான் யாரும் கேட்கவில்லை.

காலையில் கரைக்கு வந்த தேனக்கா எதிரே நீல வண்ணம் அடித்த பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். தம்பி நடுவில் நின்று இடுப்பில் கைவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்கால் அகலமில்லை, கத்த வேண்டிய தேவையில்லை.

"இங்க ஏன்டா வச்சே? வேற இடமே கிடைக்கலையா?"

"பூ என்ன உன் பேர்லயாக்கா பூத்திருக்கு?"

"பூ இருக்கிறது அவ்வளவுதான். நீ வந்ததால பூ கூடாது. வாய்தான் கூடும்."

"தேனீ எங்க வேணாலும் பறக்கும். அதுக்கு இந்தக் கரை அந்தக் கரைன்னு தெரியுமா?"

"தெரியாது. அதான் எனக்குப் பயம்."

அவன் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான்.  அன்றிலிருந்து இருவரும் அவரவர் கரையில் வேலை பார்த்தார்கள். கண்ணில் பட்டால் தலையசைப்பு, அதோடு சரி.

அவள் சொன்னதுதான் நடந்தது. எலுமிச்சை பூத்தது, வழக்கம்போலத்தான் பூத்தது. விடிகிற நேரத்திலேயே இரண்டு கரையிலிருந்தும் கூட்டம் பாய்ந்து பூவை வழித்துவிடும். வெயில் ஏறிய பிறகு போகிற தேனீ வெறும் வயிற்றோடு திரும்பும். பெட்டிக்குள் அடை கட்டியிருக்கிற மரச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. அக்கரையிலும் அதே கதை என்று தோட்டக்காரர் சொன்னார். அந்த நாட்களில் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். கரையோர நாணல் தண்டுகளில் துளைபோட்டு வாழ்கிற சின்னக் கறுப்புத் தேனீக்கள் சில முன்பெல்லாம் களைப்பூக்களில் மொய்க்கும். பெட்டியும் கிடையாது, தேனும் கிடையாது, தனித்தனியாகத் திரிகிற ஜாதி. அவற்றைக் காணவே இல்லை. தம்பியின்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தாள். ஆனால் நினைத்துப் பார்த்தபோது, அவை குறைய ஆரம்பித்தது அவளுடைய பெட்டிகள் வந்த காலத்திலிருந்துதான் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

சூரியகாந்தியும் அறுவடையாகி, வெயில் காலம் வந்தது. எங்கும் ஒரு பூ இல்லை. இந்த மாதங்களில் தேனீக் கூட்டத்தின் குணமே மாறிவிடும். பலமான கூட்டம் இளைத்த கூட்டத்தைத் தேடி அலையும். காவல் இல்லாத வாசல் ஒன்று கிடைத்தால் போதும், உள்ளே புகுந்து சேமித்து வைத்த தேனை முழுக்கச் சூறையாடிக்கொண்டு வந்துவிடும். தேன் வளர்ப்பவர்கள் அதனால்தான் வெயில் காலத்தில் பெட்டி வாசலில் கட்டை வைத்துச் சுருக்கி, ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழைகிற மாதிரி விடுவார்கள். காவலுக்கு வசதி.

ஒரு நண்பகலில் தேனக்கா தன் பெட்டிகளுக்கு முன்னால் நின்றாள். இரைச்சல் வேறு மாதிரி இருந்தது. பூ இல்லாத காலத்தில் இவ்வளவு போக்குவரத்து எதற்கு? திரும்பி வருகிற தேனீக்களைப் பார்த்தாள். முதுகு மயிரெல்லாம் உதிர்ந்து எண்ணெய் தடவியதுபோலக் கறுத்து மின்னின. வயிறு புடைத்து, வாசலில் நீட்டியிருந்த இறங்குபலகையில் தொப்பென்று விழுந்தன. அவை போன திசையைப் பார்த்தாள். வாய்க்காலுக்கு மேலே கயிறு கட்டியதுபோல ஒரே கோடாகப் பறந்தன.

கரை ஓரம்வரை போனாள். எதிர்க்கரையில் கடைசி வரிசைப் பெட்டிகளின் வாசலில் கட்டை வைத்திருக்கவில்லை. வாசலில் தேனீயும் தேனீயும் கட்டிப் புரண்டன. செத்தவை கீழே குவிந்து கிடந்தன. அடையை உடைத்த மெழுகுத்தூள் வாசல் வழியாகச் சிந்திக்கொண்டிருந்தது. தம்பியைக் காணோம். ஒரு போன் போட்டிருக்கலாம். பாலத்தைச் சுற்றிப் போய், நாலு கைப்பிடி புல்லைப் பிடுங்கி வாசல்களை அடைத்திருக்கலாம். எதுவும் முடியாவிட்டால் தன் பெட்டிகளையாவது மூடியிருக்கலாம். அவள் எதுவும் செய்யவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். கேட்டால்தானே சொல்வதற்கு, என் இடத்துக்குப் போட்டியாக வந்தவன்தானே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று மனசுக்குள் ஓடியது. பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

அந்த வெயில் காலம் முழுக்க அவள் பெட்டிகள் கனத்தன. ஊரில் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் பெட்டியில் மட்டும் தேன் நிறைந்தது. அதை அவள் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

முதல் மழைக்கு அப்புறம், வாசலுக்குக் கீழே மண்ணில் சில தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். பறக்கவில்லை. குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஏதோ இருந்தது. அடுத்த நாள் அப்படி நிறைய. பெட்டியைத் திறந்து சட்டத்தைத் தூக்கினாள். அடையில் புழு வளர்கிற அறைகள் சொட்டை விழுந்ததுபோல அங்கங்கே காலியாகக் கிடந்தன. மூடியிருந்த அறை ஒன்றை முள்ளால் கிளறி, உள்ளே இருந்த வெள்ளைக் கூட்டுப்புழுவை வெளியே எடுத்தாள். அதன் மேல் கடுகைவிடச் சின்னதாக, செம்பழுப்பாக, தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து ஒளிந்தது.

உண்ணி. கேள்விப்பட்டிருக்கிறாள், தன் பெட்டியில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வேளாண் அலுவலகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படித்த பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். தேனக்கா போய்ச் சொன்னதும் மறுநாளே வந்தார். ஒரு கைப்பிடி தேனீயை மூடியில் வலை போட்ட பாட்டிலுக்குள் விட்டு, சர்க்கரைத் தூளைப் போட்டு உருட்டி, வெள்ளைத் தாளில் கவிழ்த்துத் தட்டினார். தேனீக்கள் உள்ளேயே இருந்தன, உண்ணிகள் மட்டும் சர்க்கரையோடு தாளில் உதிர்ந்தன. மிளகாய் விதை கொட்டியதுபோல இருந்தது. அறையை மெழுகால் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே புகுந்துவிடும், அங்கேயே முட்டையிடும், தாயும் குஞ்சும் சேர்ந்து வளர்கிற தேனீயை உறிஞ்சும், தேனீ வெளியே வரும்போது அதன் மேலேயே ஏறிக்கொண்டு வரும் என்று விளக்கினார். பெட்டிக்குள் வைக்க, எறும்பு அமிலம் என்கிற கார மருந்தில் ஊறிய அட்டைகளைக் கொடுத்தார். கண் எரிந்தது, மூக்கில் ஒழுகியது, தேனக்கா எல்லாப் பெட்டியிலும் வைத்தாள். உண்ணி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

கொஞ்ச நாளில் மறுபடி தேனீக்கள் மண்ணில் ஊர்ந்தன. மறுபடி பாட்டில், மறுபடி சர்க்கரை, மறுபடி தாள் நிறைய மிளகாய் விதை. அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவ்வளவு சீக்கிரம் உள்ளேயே பெருகாது, வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது, இந்தப் பெட்டித் தேனீக்கள் எங்கேயாவது கொள்ளைக்குப் போகின்றனவா என்று கேட்டார். தேனக்கா வாய்க்காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"உண்ணிக்குத் தேனீயைக் கொல்லணும்னு எண்ணம் கிடையாதும்மா. தேனீ செத்தா அதுவும் சாகும். ஆனா கூப்பிடு தூரத்துல இன்னொரு கூட்டம் இருந்தா அதுக்குக் கவலையே இல்லை. இளைச்சுப்போன பெட்டிக்குத் தேன் எடுக்க வர்றவங்க முதுகுல ஏறிக்கிட்டுப் போயிடும். ரெண்டு கரையிலயும் ஒரே நாள்ல மருந்து வைக்கணும். நீங்க மட்டும் வச்சா வீண்."

தேனக்காவுக்குக் கறுத்து மின்னிய அந்த முதுகுகள் கண்முன் வந்தன. தேனை மட்டுமா தூக்கிக்கொண்டு வந்தன?

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தரையில் காலியான சட்டங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெழுகுப் பூச்சி அரித்த அடைகள், தொட்டால் தூளாக உதிர்ந்தன. அவன் தாடி வளர்த்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவள் விஷயத்தைச் சொன்னாள். உண்ணியைப் பற்றி, மருந்தைப் பற்றி, ஒரே நாளில் வைக்க வேண்டியதைப் பற்றி. அவன் ஆச்சரியப்படவில்லை.

"எலுமிச்சை பூக்கிறப்பவே எனக்குத் தெரியும்க்கா. அந்த லாரிக்காரன் பெட்டியோடயே வந்திருக்கு. ஊர்ந்துகிட்டு இருந்ததை நான் தினம் காலையில கூட்டி வாய்க்கால்ல போட்டேன்."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ சிரிப்பே."

 அவனே தொடர்ந்தான். வெயில் காலத்தில் யாருமில்லாத நேரத்தில் கொள்ளை நடந்து பாதிப் பெட்டி காலியாகிவிட்டது என்றான். கேட்காமலே ஒரு சமாதானமும் சொன்னான்.

"உன் தேனீதான்னு தெரியும். நீ என்ன பண்ணுவே பாவம். உன் கண்ணுல பட்டிருந்தா ஓடி வந்திருப்பே."

தையல் மிஷின் நின்றது. ஒரு நொடிதான். அப்புறம் மறுபடி ஓடியது.

மறுநாள் மூவருமாக இரண்டு கரையிலும் மருந்து வைத்தார்கள். தம்பி இக்கரையில் ஆரம்பித்தான். பெண்கள் இருவரும் அக்கரைக்குப் போனார்கள். நீலப் பெட்டிகளில் பாதிக்குமேல் உள்ளே சத்தமே இல்லை. உயிர் இருந்தவற்றில் தேனக்கா மூடியைத் திறக்க, தம்பி மனைவி அட்டையை வைத்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசைக்கு வந்தபோது அவள் கை நின்றது. தலை நிமிராமலே பேசினாள்.

"அன்னைக்கு நீங்க எதிர்க்கரையில நின்னதை நான் பார்த்தேன்க்கா."

தேனக்கா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். அவர் இல்லை. இந்த மரத்துக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் பார்த்தேன். உங்களையும் பார்த்தேன்."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"எதைச் சொல்றது? நானும்தானே சும்மா நின்னேன். இதெல்லாம் காலியாகிப் போச்சுன்னா மறுபடி வண்டி ஓட்டப் போவாருன்னு நினைச்சேன். வாசலை அடைக்கணும்னு எனக்கும் தெரியும். அவர் சொல்லிக் கேட்டிருக்கேன்."

அவ்வளவுதான் பேசினாள். அடுத்த அட்டையை எடுத்து நீட்டினாள். தேனக்கா வாங்கி வைத்தாள். மருந்து நெடியில் இருவர் கண்ணிலும் நீர் வழிந்தது, அதைத் துடைக்க இருவருமே கையை உயர்த்தவில்லை. கையில் அமிலம்.

மருந்து வைத்த வாரத்தில் எதிர்பாராத வெயில் அடித்தது. சூட்டில் அமில நெடி பெட்டிக்குள் அதிகமாகி, இளைத்திருந்த கூட்டங்களில் ராணித் தேனீக்கள் செத்தன. ராணி போன பெட்டியின் இரைச்சல் தனி, அழுகிற மாதிரி இழுத்து இழுத்து வரும். இரண்டு கரையிலும் அது கேட்டது. கடைசியில் அக்கரையில் ஒரே ஒரு நீலப் பெட்டி பிழைத்தது. இக்கரையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிஞ்சின. தேனக்கா எல்லாவற்றையும் ஒரே கரைக்குக் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தாள். கொள்ளையடித்து வந்த தேன் நிறைந்திருந்த அடைகளை என்ன செய்வது என்று தெரியாமல் குழிவெட்டிப் புதைத்தாள். வேறு எந்தத் தேனீயும் தேடி வரக் கூடாதே.

தம்பிக்குப் பால் டேங்கர் ஓட்டும் வேலை கிடைத்தது. தொலைதூர ஓட்டம், மாதக்கணக்கில் வெளியூர். கிளம்புகிற காலையில் பேருந்து நிலையம்வரை தேனக்கா கூடவே போனாள். வண்டி இன்னும் வரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். தான் பார்த்ததை, நின்றதை, வீட்டுக்குப் போய்ப் படுத்ததை. அவன் மனைவியின் பங்கைச் சொல்லவில்லை. அதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

அவன் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

"என்மேல அவ்வளவு கோபமாக்கா?"

"அப்போ இருந்தது."

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தான். ஜன்னல் பக்கத்தில் இடமிருந்தும் நடுவில் போய் உட்கார்ந்தான். வண்டி திரும்பும்வரை அவள் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தானா என்று கூட்டத்தில் தெரியவில்லை.

அதன்பிறகு அவன் அவளுக்குப் போன் செய்யவில்லை. மனைவிக்குத்தான் செய்வான். அவள் கடையில் தைத்துவிட்டு, விடுமுறை நாட்களில் கரைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். முதலில் அந்த ஒற்றை நீலப் பெட்டியை மட்டும் பார்ப்பாள். பிறகு மற்றவற்றுக்கும் கை கொடுத்தாள். தையல்காரி என்பதால் முகவலை கிழிந்தால் அங்கேயே உட்கார்ந்து தைத்துவிடுவாள். இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். உண்ணி முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கூட்டம் தாங்குகிற அளவில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் தோட்டக்காரர் வந்து, அக்கரை சும்மாதானே கிடக்கிறது, பெட்டிகளைப் பெருக்கினால் என்ன என்று கேட்டார். தேனக்கா முடியாது என்றாள். அவர் முகம் சுருங்கியது. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

சூரியகாந்தி மொட்டு விட்ட சமயத்தில் தம்பி விடுமுறையில் வந்தான். ஊருக்கு வந்தவன் அக்கா வீட்டு வாசலுக்கும் வந்தான். உள்ளே வாடா என்றாள். வந்து உட்கார்ந்தான். டேங்கர் பிரேக்கைப் பற்றி, சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். கரைப் பக்கம் வருகிறாயா என்று அவள் கேட்டபோது, இன்னொரு நாள் என்றான். சாப்பாடு போட்டாள், சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வரேன்க்கா என்று கிளம்பினான். அவள் வாசலில் நின்று, அவன் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.